மயானத்துப் பதிவேடு

பெரியப்பாவின் உடலை ஏற்றி வந்த வண்டி, நொய்யல் கரையோரத்து எரிவாயுத் தகன மேடையின் வாசலில் நின்றதும், கொள்ளிச்சட்டி ஏந்திய அண்ணனும், தோளில் துண்டோடு கூட வந்த உறவின்முறையாரும், இனிச் செய்வதற்கு நமக்கு ஒன்றுமில்லை, எஞ்சியது தீயின் வேலைதான் என்ற நினைப்போடு மேடைப் பக்கம் நடக்கத் தொடங்கிய வேளையில், பக்கத்து அறையிலிருந்து வெளிப்பட்ட நடுத்தர வயதுக்காரர் ஒருவர் கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். “ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. டாக்டரு சீட்டு கையில இருக்குங்களா?” என்று கேட்டார். சீட்டைக் கொடுத்தோம். அடுத்து ஆதார் அட்டையின் நகல். அப்புறம் அட்டை கிழிந்த நீண்ட பதிவேடு ஒன்றைப் பிரித்துவைத்துக்கொண்டு, இறந்தவர் பெயர், தகப்பனார் பெயர், வயது, விலாசம், உயிர் பிரிந்த இடம், நேரம், காரணம், கொண்டு வந்தவர் யார், அவர் இறந்தவருக்கு என்ன உறவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “பெரியவருக்கு நெஞ்சுல பேஸ்மேக்கர் ஏதாச்சும் வெச்சிருந்தாங்களா? இருந்தாச் சொல்லிப்போடுங்க. உள்ள போனா வெடிச்சுப்போடும்” என்றார்.

எங்களோடு வந்திருந்த மாமா ஒருவருக்குப் பொறுக்கவில்லை. எழவு வீட்டுக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சத்தம் போட்டார். அந்த மனிதர் பேனாவைக் கீழே வைக்காமல், “கேக்காம உட்டா நாளைக்கு நீங்கதானுங்க தாலுக்கா ஆபீசுக்கும் கார்ப்பரேசனுக்கும் அலையோணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, எழுதிக்கொண்டிருந்த வரியை எழுதி முடித்தார்.

அவர் கேட்டவற்றில் எவை சட்டம் கேட்கச் சொன்னவை, எவை அவருடைய அனுபவம் கேட்கச் சொன்னவை என்ற யோசனை, பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் என்னை விடவில்லை. மனிதனுடைய பிரேதத்தைக் கையாளும் தொழில் ஒன்று நம் கண்ணெதிரே வளர்ந்து நிற்கிறது. அதைச் செய்கிறவர்களுக்கு நாட்டின் சட்டம் என்ன கடமைகளை விதித்திருக்கிறது, என்ன பாதுகாப்பைத் தந்திருக்கிறது என்று தேடிப் புறப்பட்டபோது எனக்குக் கிடைத்தது முழுமையான ஒரு சாசனமன்று. பல சட்டங்களின் மூலைகளிலே சிதறிக் கிடக்கும் துண்டுகளே.

முன்காலத்தில் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் இந்தத் தொழிலுக்கென்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஊரில் ஒரு சாவு விழுந்தால், பக்கத்து ஊர்களுக்குக் கேதம் சொல்லிப் போக ஓர் ஆள், சடங்குகளை முன்னின்று நடத்தக் குடிமகன் என்று மரியாதையோடு அழைக்கப்பட்ட நாவிதர், மாற்றுத்துணி விரிக்க வண்ணார், பறை கொட்டவும் குழி வெட்டவும் சிதை அடுக்கவும் ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள் என்று, பிறப்பால் வகுக்கப்பட்ட வேலைப் பங்கீடு அது. கூலி, அறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் அளக்கப்படும் தானியம். அந்த ஏற்பாட்டின் ஒழுங்கை வியந்து பேசுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். நீர்மாலை எடுப்பதிலிருந்து நெய்ப்பந்தம் பிடிப்பது வரையில் எதுவும் பிசகாமல் நடந்தது உண்மைதான். ஆனால் அந்த ஒழுங்கு, வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை இல்லாதவர்களின் முதுகின்மேல் நின்றது என்பதும் அதே அளவு உண்மை.

இன்று கோயம்புத்தூரில் ஒருவர் வீட்டில் மரணம் நேர்ந்தால், ஒரு தொலைபேசி அழைப்பில் எல்லாம் வந்துவிடுகின்றன. ஃப்ரீசர் பெட்டி, சாமியானா, நாற்காலி, மாலை, அமரர் ஊர்தி, மேளம், வாய்க்கரிசிக்கு அரிசி, கோடித்துணி, மண்சட்டி வரையில் ஒரே கடைக்காரர் அனுப்பி வைக்கிறார். துக்கத்தில் தடுமாறும் குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல் என்பதில் ஐயமில்லை. மேலைநாடுகளில் இப்படி முழுப் பொறுப்பையும் ஏற்று நடத்துகிறவர்கள் ஒரு தனித் தொழில் வர்க்கத்தினராகவே அறியப்படுகிறார்கள். நம் நாட்டிலோ இந்தத் தொழிலுக்கென்று தனி உரிமமோ, தகுதித் தேர்வோ, ஒழுக்க விதியோ கிடையாது. கடைக்கு நகராட்சியின் தொழில் உரிமம், வண்டிக்குப் போக்குவரத்துத் துறையின் பதிவு ஆகியவற்றை மற்ற வியாபாரிகளைப் போலவே இவரும் பெறுகிறார். இந்தத் தொழிலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் சட்டங்களில் ஒன்று வரிச் சட்டம். 2017-ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், தன் மூன்றாம் அட்டவணையில், அடக்கம், தகனம், பிணவறை, இறந்தவரைக் கொண்டுசெல்லுதல் ஆகிய பணிகளைச் சரக்கும் அல்ல, சேவையும் அல்ல என்று வகுத்து வரிக்கு வெளியே நிறுத்திவிட்டது. சாவுக்கு வரி போடுவது தர்மமாகாது என்று கருதிய அந்த மனத்தை நான் பாராட்டுகிறேன். ஆயினும் வரியிலிருந்து விலக்கப்பட்ட இந்தத் தொழில், வேறு எந்தச் சட்டத்தின் நேர்ப் பார்வைக்குள்ளும் வராமலே நின்றுபோனது நம்முடைய குறை.

துண்டுகளைப் பொறுக்கிச் சேர்ப்போம். அவற்றில் முதன்மையானது 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். வீட்டில் நேர்ந்த மரணத்தைக் குடும்பத் தலைவர் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் நேர்ந்ததை அதன் பொறுப்பு மருத்துவர் தெரிவிக்க வேண்டும். சத்திரத்திலும் விடுதியிலும் நேர்ந்ததை அவற்றை நடத்துகிறவர் தெரிவிக்க வேண்டும். பொது இடத்தில் அநாதையாகக் கிடந்த உடலைப் பற்றி ஊர்த் தலைவரோ காவல் நிலையப் பொறுப்பாளரோ தெரிவிக்க வேண்டும். இவ்வளவும் எட்டாவது பிரிவு. பலர் கவனியாமல் விடுவது பத்தாவது பிரிவு. இறந்த உடல்களை அடக்கவோ எரிக்கவோ ஒதுக்கப்பட்ட இடத்தின் காவலர் அல்லது உரிமையாளர், மரணங்களைப் பதிவாளருக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர் என்று அது சொல்கிறது. ஆக, மாமாவின் கோபத்துக்கு ஆளான மனிதர் தம் இஷ்டத்துக்குக் கேள்வி கேட்கவில்லை. பாராளுமன்றம் இயற்றிய சட்டம் அவரை நோக்கி நேராகப் பேசியிருக்கிறது. அந்தக் கிழிந்த பதிவேடு தேசத்தின் ஜனத்தொகைக் கணக்கின் ஓர் ஏடு.

கடைசி நோயின்போது சிகிச்சை அளித்த மருத்துவர், மரணக் காரணத்தைக் குறித்துக் கட்டணம் வாங்காமல் சான்று தரவேண்டும் என்பதும் அதே பிரிவின் விதி. வீட்டில் உயிர் பிரிந்த முதியவர்களின் விஷயத்தில் குடும்பங்கள் அலைக்கழிவது பெரும்பாலும் இந்தச் சான்றுக்காகத்தான். மரணத்தை 21 நாளுக்குள் தெரிவித்துவிட்டால் செலவில்லை. அதைத் தாண்டி 30 நாள் வரையில் தாமதக் கட்டணம். ஓராண்டு வரையில் உரிய அதிகாரியின் எழுத்து அனுமதி. அதற்கும் மேலானால் மாவட்ட நடுவர், உட்கோட்ட நடுவர் அல்லது அதிகாரமளிக்கப்பட்ட நிர்வாக நடுவரின் உத்தரவு என்று படிப்படியாகக் கதவு கனத்துக்கொண்டே போகும். 2023-இல் திருத்தப்பட்டு அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், பதிவு முடிந்த 7 நாளுக்குள் சான்றிதழை இலவசமாகத் தரவேண்டும் என்றும், மரணக் காரணச் சான்றின் படி ஒன்று நெருங்கிய உறவினர் கைக்கும் போகவேண்டும் என்றும் விதித்திருக்கிறது. பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் வங்கிக் கணக்கிலிருந்து குடும்ப ஓய்வூதியம் வரையில் எல்லாம் தடைப்படும் என்பதால், ஆதார் அட்டையில் உள்ளபடியே, முன்னெழுத்து உட்பட, இறந்தவர் பெயரை எழுதச் செய்யுங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கண்ணீரோடு நிற்கும் அந்தப் பத்து நிமிஷத்தில் காட்டும் கவனம், பின்னால் பத்து மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

இயற்கையாக நேராத மரணமென்றால் வழி வேறு. தற்கொலை, விபத்து, சந்தேகத்துக்கிடமான சாவு ஆகியவற்றில், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆவது பிரிவின்படி போலீசார் வந்து பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை செய்து, தேவையானால் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகே உடல் உறவினர் கைக்கு வரும். ஊர்ப் பெரியவர்கள் கூடி, “போலீசு வந்தா மானம் போயிரும், வெள்ளென எடுத்துப்போடலாம்” என்று முடிவு செய்கிற வழக்கம் நம் பக்கத்தில் அடியோடு மறைந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. அப்படி அவசர அவசரமாக எரிக்கப்பட்டதற்குப் பின்னால் ஒரு குற்றம் இருந்து, அதை அறிந்தே ஒருவர் உடலை அப்புறப்படுத்த உதவினார் என்றால், சாட்சியத்தை மறைத்த குற்றத்துக்கு அவரும் ஆளாவார். வண்டி ஓட்டுகிறவரும், மேடையில் நிற்கிறவரும் மருத்துவச் சீட்டைக் கேட்டு வாங்குவது அவர்களுடைய தற்காப்புக்கும் அவசியம். பேச முடியாத ஒருவருக்கு, குறிப்பாகக் கணவன் வீட்டில் இறந்துபோன இளம்பெண்ணுக்கு, நியாயம் கிடைப்பதற்கு அந்தச் சீட்டே சில சமயங்களில் கடைசி வாசலாகவும் இருக்கிறது.

இந்தச் சீட்டின் அருமையை உணர்த்திய சம்பவம் ஒன்று, நம் பக்கத்துச் சேலத்தில் 2020 அக்டோபரில் நடந்தது. 74 வயது முதியவர் ஒருவர் இறந்துவிட்டதாகக் கொண்டு, அவருடைய சகோதரர் ஃப்ரீசர் பெட்டி ஒன்றை வாடகைக்கு வரவழைத்தார். முதியவரை அதனுள் கிடத்தினார்கள். இரவு கழிந்தது. மறுநாள் பெட்டியைத் திரும்ப எடுத்துப்போக வந்த ஊழியர், உள்ளே இருந்தவருடைய உடலில் அசைவைக் கண்டு திடுக்கிட்டுப் பிறருக்குத் தெரிவித்தார். முதியவர் மீட்கப்பட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். சில நாளில் அங்கே உயிர் நீத்தார். ஓர் இரவு முழுவதும் அந்தக் குளிரில் ஒரு ஜீவன் துடித்துக்கொண்டிருந்தது என்பதை நினைக்கும்போது இன்றும் என் மனம் நடுங்குகிறது. போலீசார் வழக்குப் பதிந்தார்கள், செய்தித்தாள்கள் எழுதின, நாமும் மறந்துபோனோம். மருத்துவர் சான்று இல்லாமல் பிரேதப் பெட்டியை வாடகைக்கு விடலாகாது என்ற எளிய விதியை, அந்த ஓர் இரவுக்குப் பிறகாவது நாம் எழுதியிருக்க வேண்டும். பெட்டிக்காரர் இரண்டு வரி எழுதி வைத்துக்கொள்வதில் என்ன கஷ்டம்? சான்று எண், தந்த மருத்துவர் பெயர், பெட்டி போன வீடு. இவ்வளவுதான். பெட்டியின் மின்கசிவைச் சோதிப்பது யார் பொறுப்பு என்பதும் இதே போலத் தீர்க்கப்படாமல் நிற்கிறது. உடலைக் கட்டிக்கொண்டு அழுகிற பெண்களின் ஈரக்கைகள் அந்த இரும்பைத்தான் பற்றிக்கொள்கின்றன.

அடுத்து இடத்தைப் பற்றிய சட்டம். நம் மக்கள் இறந்தவர்களை எங்கே, எப்படி இட்டார்கள் என்பதற்கு நொய்யல் கரையே ஒரு நீண்ட சரித்திரம். சென்னிமலைக்கு அருகே கொடுமணலில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கல்வட்டங்களும் கற்பதுக்கைகளும், சூதுபவள மணிகளோடு முன்னோரை அடக்கியவர்களின் அக்கறையை இன்றும் காட்டிக்கொண்டிருக்கின்றன. மணிமேகலைக் காப்பியமோ சக்கரவாளக் கோட்டத்தில் எரித்தல் முதல் தாழியில் கவித்தல் வரையில் ஐந்து விதமான அடக்கமுறைகளை வரிசைப்படுத்துகிறது. பேரூரில் நொய்யலில் இட்ட எலும்பு கல்லாகும் என்பது அத்தலத்தின் ஐந்து அதிசயங்களில் ஒன்றாக நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனைமலையில் மாசாணியம்மன் படுத்த கோலத்தில் இருக்கிறாள். சுடுகாட்டு மண்ணெடுத்து நடத்தும் மயான பூஜை அவளுடைய திருவிழாவில் முக்கியமானது. மயானம் நமக்கு அருவருப்பான இடமாக மட்டும் என்றும் இருந்ததில்லை.

ஆனால் சட்டம் மயானத்தைச் சுகாதாரக் கண்கொண்டே பார்க்கிறது. 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமும், 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமும் வளர்த்த பார்வை அது. மயானம் நடத்த ஸ்தல ஸ்தாபனத்தின் உரிமம் வேண்டும், பதிவேடு வேண்டும், ஜனங்களின் ஆரோக்கியத்துக்குக் கேடென்று கண்டால் மூடிவிட அதிகாரம் உண்டு. சிற்றூர்களுக்கு 1999-இல் தனி விதிகள் வந்தன. உரிமம் பெற்ற இடம் தவிர, வீடுகளுக்கும் குடிநீர் ஆதாரங்களுக்கும் 90 மீட்டருக்குள் எவரும் அடக்கமோ தகனமோ செய்யலாகாது என்பது அவற்றில் ஒன்று. இது கொங்கு நாட்டுக்கு மிகவும் நெருங்கிய விஷயம். கிணறும் சாளையும் தென்னையுமாகத் தோட்டத்திலேயே பிறந்து தோட்டத்திலேயே உழைத்து முடிந்த விவசாயி, அந்த மண்ணிலேயே அடங்க வேண்டும் என்று ஆசைப்படுவதும், பிள்ளைகள் வரப்போரத்தில் சமாதி கட்டி அமாவாசைக்கு விளக்கு வைப்பதும் இங்கே சாதாரணமாக நடந்து வந்தவை. சொந்த நிலமாயினும் மயானமாகப் பதிவோ உரிமமோ பெறாத இடத்தில் சிற்றூராட்சி எல்லைக்குள் அடக்கம் செய்ய முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023-இல் தீர்ப்பளித்துவிட்டது. அந்த ஆசையின் நியாயம் எனக்குப் புரியாமலில்லை. என் தாத்தாவின் சமாதியும் ஒரு கிணற்று மேட்டில்தான் இருக்கிறது. ஆயினும் தோட்டங்கள் மனைகளாகிக் கைமாறுகிற இந்த நாளில், அடுத்த உரிமையாளனின் கடப்பாறை எந்த எலும்பின்மேல் படும் என்பது யாருக்கும் தெரியாது என்பதால், தீர்ப்பின் பக்கமே நான் நிற்கிறேன். அடக்கத்துக்கு ஏற்பாடு செய்கிறவர்கள் இந்தத் தீர்ப்பை அறிந்திருக்க வேண்டியது அவசியம்; குழி வெட்டிய பிறகு தாசில்தார் வந்து நிற்பதைப் போலத் துக்க வீட்டுக்கு வேறு அவமானம் இல்லை.

ஈரோட்டில் காவிரிக் கரையில் ரோட்டரி அன்பர்கள் நடத்தும் ஆத்மா மின்மயானம் போன்றவை, விறகுச் சிதையின் புகையிலிருந்தும் மழைக்காலத் தவிப்பிலிருந்தும் நம்மை மீட்டிருக்கின்றன. மயானம் தொலைவில் உள்ள கிராமங்களுக்காக, எரிவாயு மேடையையே வண்டியில் ஏற்றி அனுப்பும் நடமாடும் தகன மேடையும் ஈரோட்டில் அறிமுகமானது. நல்ல காரியம்தான். ஆனால் மயானம் என்பது ஓர் இடம் என்று எண்ணி எழுதப்பட்ட சட்டங்கள், மயானமே சக்கரத்தில் ஏறி வீட்டருகே வரும் காலத்துக்கு ஏற்ப இனித்தான் திருந்த வேண்டும்.

இனி நான் எல்லாவற்றினும் முக்கியமாகக் கருதும் விஷயம். பட்டியலினத்தவரையோ பழங்குடியினரையோ பிணம் சுமக்கவோ, செத்த பிராணிகளை அப்புறப்படுத்தவோ, குழி தோண்டவோ வைப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. 2016 ஜனவரி 26 முதல் அது நடப்பில் உள்ளது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரையில் சிறை. பொது மயானத்தை அவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதும் அதே சட்டத்தின்படி குற்றம். களத்துமேட்டில் அளந்த தானியத்தின் பெயரால் பல தலைமுறைகளாக வாங்கப்பட்ட வேலையை, ‘ஊர் வழக்கம்’ என்ற ஒரு சொல்லால் இனியும் வாங்க முடியாது என்பதே இதன் பொருள். ஆனாலும் நம் ஊர்களில் சாதிக்கொரு சுடுகாடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலி, ஒரு பாதைத் தகராறு என்ற நிலைமை நீடிக்கிறது. வாழ்நாள் முழுவதும் ஒதுக்கியது போதாதென்று, சாம்பலாகும் இடத்திலும் ஒதுக்குகிற சமூகம் எந்தச் சாஸ்திரத்தைச் சொல்லி அதை நியாயப்படுத்த முடியும்? நகரத்து எரிவாயு மேடையில் அந்த வேலி இல்லை. அடுத்தடுத்த வரிசையில் எல்லா சாதியாரும் அதே தண்டவாளத்தின்மேல் அதே கதவுக்குள் போகிறார்கள். எனக்கு அந்த இரும்புக் கதவின்மேல் ஒரு பக்தியே உண்டு.

வேலை செய்கிறவர்களின் நிலையோ வேறு விதமாய் இருக்கிறது. கொரோனாக் காலத்தில் அவர்கள் பட்ட பாட்டை நாம் பார்த்தோம். 2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் அந்நோய்க்குப் பலியான மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் கல்லெறிந்து விரட்ட, கடைசியில் அவருடைய சகமருத்துவரே இரவில் மண்வெட்டி பிடித்து, கையாலும் மண்ணைத் தள்ளிக் குழியை மூட நேர்ந்தது. மறுவாரமே, தொற்றுநோயால் இறந்தவர்களின் அடக்கத்தைத் தடுப்பவர்களுக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரையில் சிறை என்று தமிழக அரசு பொதுச் சுகாதாரச் சட்டத்தை அவசரச் சட்டத்தால் திருத்தியது. 2021 மே மாதத்தில் தேசிய மனித உரிமை ஆணையம், இறந்தவர்களின் கண்ணியத்தைக் காக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்றும், மருத்துவக் கட்டணம் பாக்கி என்பதற்காக உடலைத் தரமறுக்கலாகாது என்றும், மயான ஊழியர்களுக்கு நியாயமான ஊதியமும் பாதுகாப்பும் வேண்டும் என்றும் அரசுகளுக்கு ஆலோசனை வழங்கியது. ஆலோசனை ஆலோசனையாகவே நிற்கிறது. 2023-இல் ராஜஸ்தான் மாநிலம் இறந்த உடலின் கௌரவத்துக்கென்று ஒரு சட்டம் இயற்றிற்று. உடலை நடுவில் வைத்துப் போராட்டம் நடத்துவதைத் தடுப்பதே அதில் மிகவும் பேசப்பட்ட அம்சம். எனக்கு அது முழு நிறைவு தரவில்லை. அநியாயமாகச் செத்தவனின் உறவினருக்குச் சில வேளைகளில் அந்த உடலைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

கௌரவம் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் வேறு ஆதாரங்களும் உண்டு. அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு வழங்கும் கண்ணியமான வாழ்வுரிமை, இறந்த உடலுக்குரிய மரியாதையையும் தழுவியது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியிருக்கின்றன. பிரேதத்தை அவமதிப்பதும், மயானத்தில் அத்துமீறுவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 301-ஆவது பிரிவின்படி குற்றம். இறந்தவர் உடலில் இருந்த பொருளை அபகரிப்பது 315-ஆவது பிரிவின்படி குற்றம். குளிப்பாட்டும்போது கழற்றும் மூக்குத்தியையும் அரைஞாண் கொடியையும் சாட்சிகளின் முன் எண்ணி, குடும்பத்தில் ஒருவர் கையில் ஒப்படைக்கும் நம்மூர்ப் பழக்கம், இந்தப் பிரிவு எழுதப்படுவதற்கு வெகுகாலம் முன்னரே அதன் தாத்பரியத்தை அறிந்தவர்கள் ஏற்படுத்தியது.

கட்டண விஷயத்தில்தான் நாம் மிகவும் பின்தங்கி நிற்கிறோம். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், தனியார் மருத்துவமனை வாசலிலிருந்து பதினைந்து மைல் தூரத்துக்கு ஊர்திக்காரர் கேட்ட தொகையைப் பேரம் பேசாமல் கொடுத்தார்கள். சாவு வீட்டில் யார் பேரம் பேசுவார்கள்? அரசு மருத்துவமனையில் இறந்தவர்களை ஊர் சேர்க்க 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி உண்டு என்பதைக் கூட அறியாமல் கடன் வாங்கிக் கொடுக்கும் ஏழைகளும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1984 முதல், அந்திமக் கிரியை நடத்துகிறவர் ஒவ்வொரு பொருளுக்கும் சேவைக்கும் தனித்தனி விலை எழுதிய பட்டியலை, நேரில் வந்து விசாரிப்பவர் கையில் தந்தாக வேண்டும்; வேண்டாததை வாங்கக் கட்டாயப்படுத்தக் கூடாது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் விலைப் பட்டியலைக் கடையிலும் இணையத்திலும் வைத்தாக வேண்டும். ஆனால் விலைப்பட்டியல் மட்டும் போதாது என்பதற்கும் அந்த நாடே உதாரணம். இங்கிலாந்தின் ஹல் நகரில் 2024 மார்ச்சில் ஓர் ஈமச்சேவை நிறுவனத்தின் கட்டடத்திலிருந்து 35 உடல்களைப் போலீசார் மீட்டபோது, இத்தொழிலைத் தொடங்க அங்கே எந்த உரிமமும் தேவையில்லை என்ற உண்மை ஜனங்களைத் திகைக்க வைத்தது. ஸ்காட்லாந்து மட்டும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், உடலை எப்படிப் பாதுகாப்பது, எப்படி அடையாளமிடுவது, எப்படி ஒப்படைப்பது என்று வரையறுத்து 2025 மார்ச் 1 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது.

நம் மாநிலத்துக்கு அப்படியொரு விதித்தொகுப்பு வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பெரிய அலுவலகமோ புதிய ஆணையமோ வேண்டியதில்லை. மாநகராட்சியும் ஊராட்சியும் தத்தம் எல்லையில் இத்தொழில் செய்கிறவர்களைப் பதிவு செய்யட்டும். மருத்துவச் சான்று பாராமல் பெட்டியோ வண்டியோ அனுப்பலாகாது என்பது அதன் முதல் விதியாக இருக்கட்டும். கட்டணப் பலகை தமிழில், வாசலில், எல்லாரும் படிக்கும்படி தொங்கட்டும். உடலைத் தொட்டுத் தூக்குகிறவர்களுக்குக் கையுறையும் தடுப்பூசியும் காப்பீடும், அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தகப்பன் தொழிலைக் கூசாமல் சொல்லும்படியான ஒரு பதவிப் பெயரும் கிடைக்கட்டும்.

மறுநாள் காலை சாம்பல் வாங்கப் போனோம். மண்கலயத்தின் கழுத்தில் நூலால் கட்டியிருந்த அட்டையில், முந்தின நாள் பதிவேட்டில் எழுதிய அதே எண். அதைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, “பேரு சரியா இருக்குதுங்களா, பாத்துக்கங்க” என்று அந்த மனிதர் ஏட்டை என் பக்கம் திருப்பினார். பெரியப்பாவின் பெயருக்கு மேல்வரியில் முதியோர் இல்லத்திலிருந்து வந்த ஓர் அம்மாளின் பெயர் இருந்தது. ‘சாம்பல் பெற்றவர்’ என்ற கட்டத்தில் இருந்த கையெழுத்து, ஏட்டில் மற்றவற்றை எழுதிய கையெழுத்தாகவே எனக்குத் தோன்ற, நிமிர்ந்து பார்த்தேன்.

“அந்தம்மாவுக்கு யாரும் வரலீங்க. நானே பேரூர்ல கொண்டுபோயிக் கரைச்சுப்போட்டு வந்தனுங்க” என்றார். பேனாவை என்னிடம் நீட்டி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.